மணியடித்ததும் ஒரு கார்டு

பேய், ஆவி, காத்துக்கருப்பு இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் மேற்கொண்டு சொல்லப்போவதைக் கேட்டதும் நீங்கள் என்னைப் பார்க்கப்போகிற பார்வை எனக்குப் பழக்கம். நான் மைக்செட் கடை வைத்திருப்பவன். ஸ்பீக்கர் உறுமினால் எர்த் சரியில்லை என்பேன், கரகரத்தால் வயரை ஆட்டிப் பார் என்பேன். ஒரு முறை எங்கள் மாதா கோயிலில் ஜெபமாலை நடந்துகொண்டிருக்கும்போது ஆம்ப்ளிஃபையரில் யாரோ ‘ஓவர், ஓவர்’ என்று பேசி, முன்வரிசைப் பெண்கள் எல்லாம் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார்கள், நான் போய் ஒரு வயரை மாற்றினேன், போலீஸ் வயர்லெஸ்காரன் வாயை மூடிக்கொண்டான். அப்படிப்பட்ட ஆள் நான்.

ஜெரால்டு சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது ஒரு சின்ன கிடார் ஆம்ப் கொண்டு வந்தான். ஜெரால்டு என் சிநேகிதன். ஆவூருக்குப் பக்கத்தில் ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே கோயில் பாடகர் குழு. ஆனால் அவன் மேல் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவன் விரல் நீளம். நான் வியர்க்க விறுவிறுக்கப் பழகும் ஒரு பாட்டை அவன் வெற்றிலை போடுகிற மாதிரி போகிற போக்கில் வாசித்துவிடுவான். திருவிழாவில் ஃபாதர் அவன் பேரைத்தான் மைக்கில் சொல்வார், அந்த மைக் என்னுடையது. என் மனைவி ஸ்டெல்லாகூட ஒரு நாள், “ஜெரால்டு அண்ணன் வாசிச்சா கேக்க நல்லாத்தான் இருக்குங்க” என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள். அன்றைக்கு ரசம் இறங்கவில்லை.

எனக்கு யூடியூபில் ஒரு சேனல் இருக்கிறது. கிடார், மைக், மிக்ஸர் இதையெல்லாம் தமிழில் ரிவ்யூ செய்வேன், பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஜெரால்டு நேராக என் வீட்டு மாடிக்கு வந்து பெட்டியை மேஜையில் வைத்து, “இத ஒரு வாரம் வச்சு நல்லா நோண்டிப் பாத்துட்டு ஒன் சேனல்ல போடுறா செல்வம். தமிழ்ல இதப் பத்தி யாரும் பேசல” என்றான். கெட்டவனாக இருந்தால் வெறுத்துத் தொலைக்கலாம். இவன் இப்படி நல்லது செய்து செய்தே என்னைச் சாகடிப்பவன்.

அந்த ஆம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிடார்காரர்கள் டியூப் ஆம்ப் என்பார்கள், அந்தக் காலத்து ரேடியோவில் இருக்குமே வால்வு, அது உள்ளே எரியும். அந்த மாதிரி ஆம்பை நான் பார்த்ததெல்லாம் இரண்டு பேர் தூக்குகிற சைஸ். இது ஒரு டிபன் பை அளவுதான், ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறலாம். ஸ்பீக்கர் கிடையாது, சத்தத்தைப் பெருக்குகிற தலைப் பகுதி மட்டும். சாதாரணமாக வால்வு ஆம்பை ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டினால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும், இதில் அந்தச் சுமையை உள்ளேயே வாங்கிக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது, நேரே கம்ப்யூட்டரில் கொடுத்து ரெக்கார்ட் செய்யலாம். அதைவிடப் பெரிய விஷயம் அதன் ஞாபகசக்தி. குமிழ்களைத் திருகி உங்களுக்குப் பிடித்த சத்தத்தைக் கொண்டுவந்து ஓர் எண்ணில் சேமித்துவிட்டால், எப்போது அந்த எண்ணை அழுத்தினாலும் அதே சத்தம். ஜெரால்டு முதல் இருபது எண்களை நிரப்பி வைத்திருந்தான். எதிரொலி கொஞ்சம் மெலிவு, மேலே தொட்டால் சுடுகிறது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை தேடித்தான் முதல் இரண்டு நாளும் உட்கார்ந்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் குமாரைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஒன்றும் புரியாது. எங்கள் குழுவில் மூன்றாவது ஆள் அவன். ஆலங்குடிப் பக்கம், வீட்டில் கடலை, முந்திரி விவசாயம், கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறி வருவான். இந்துப் பையன், ஆனால் எங்கள் பூசையில் எங்களைவிட ஒழுங்காக உட்கார்ந்திருப்பான், ஒரே ஓர் இடத்தைத் தவிர. நடுப்பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது மணி அடிப்பார்கள், அப்போது கோயிலில் ஊசி விழுந்தால் கேட்கும், யாரும் மூச்சுவிட மாட்டார்கள். குமார் வளர்ந்தது அம்மன் கோயிலில், அங்கே மணியடித்தால் தீபாராதனை, மேளமும் நாதஸ்வரமும் ஓங்கி எழ வேண்டிய நேரம். முதல் நாள் மணி சத்தம் கேட்டதும் இவன் கை தன்னால் ஓங்கி ஈ மைனர் கார்டை, ஆறு கம்பியும் சேர்ந்து முழங்க, ஒரே அடி. கோயிலே திரும்பிப் பார்த்தது. சாமியார் அப்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அடித்தான். பிறகு கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்காரப் பழகினான். அதன்பின் அதையே விளையாட்டாக்கிவிட்டான், மாடியில் நாங்கள் பழகிக்கொண்டிருக்கும்போது கோபுர மணி அடித்தால் போதும், அதே கார்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரிப்பான். அவன் கிடாரில் மூன்றாவது கம்பி எப்போதும் சுதியில் ஒரு மயிரிழை இறங்கியிருக்கும், இறுக்கினால் அறுந்துவிடும் என்று அவனுக்குப் பயம். அந்தக் கார்டை ஆயிரம் கார்டுக்கு நடுவில் வைத்தாலும் நான் கண்டுபிடிப்பேன்.

குமாருக்கு மஞ்சள் காமாலை முற்றி, புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில் இருந்தது நான். கஞ்சி வாங்கிக் கொடுத்தது நான். கடைசியில் உயிர் போய் வீட்டுக்குக் கொண்டுபோன வண்டியில் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது நான். ஜெரால்டு சிங்கப்பூரில் இருந்து வீடியோ காலில் பார்த்தான், அவ்வளவுதான். பாவம், லீவு கிடைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அவனிடம் இல்லாத ஒன்று என்னிடம் உண்டு என்றால் அது இதுதான்: குமார் என் சிநேகிதன். இதில் மட்டும் நான் ஜெரால்டுக்கு ஒரு படி மேல் என்று மனதுக்குள் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஸ்டெல்லா பிள்ளைகளோடு ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். நான் ஜெரால்டு சேமித்த சத்தங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து ஏழாம் எண்ணில் நின்றேன். ரொம்ப நல்ல சத்தம், எரிச்சலாக இருந்தது. சரி, முன்பக்கத்தைப் போட்டோ எடுப்போம் என்று கிடார் வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தேன், கிடார் பெட்டிக்குள் போய்விட்டது, காதில் ஹெட்ஃபோன் மட்டும் கழற்றாமல் இருந்தது. கவனியுங்கள், ஆம்பில் கிடார் எதுவும் செருகவில்லை. காலை, மதியம், சாயங்காலம் என்று கோயிலில் அடிக்கிற மூவேளை செப மணி பன்னிரண்டுக்கு அடித்தது. அடித்ததும் காதுக்குள் அந்தக் கார்டு. ஈ மைனர், ஓங்கி ஓர் அடி, மூன்றாவது கம்பி ஒரு மயிரிழை கீழே.

நம்பினால் நம்புங்கள், நான் பயப்படவில்லை. எர்த் பார்த்தேன். செல்போனை அணைத்தேன். ஜன்னலைத் திறந்து பக்கத்து வீட்டில் டிவி ஓடுகிறதா என்று பார்த்தேன், வீடு பூட்டிக் கிடந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி மணி, மறுபடி அதே கார்டு. அப்போதுதான் உட்கார்ந்தேன். “குமாரு” என்று கூப்பிட்டுப் பார்த்தேன். வால்வுகள் சும்மா எரிந்துகொண்டிருந்தன.

மறுநாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் சேமித்த சத்தம் இருபத்தொன்றாம் எண்ணில் இருந்தது. அதைப் போட்டுவிட்டு ஹெட்ஃபோனோடு மணிக்காகக் காத்திருந்தேன். மணி அடித்தது, ஒன்றும் இல்லை. மாலையில் மறுபடி, ஒன்றும் இல்லை. அடுத்த நாள் ஏழாம் எண்ணில் குமிழ்கள் எப்படி இருக்கின்றனவோ அச்சு அசலாக அப்படியே என் எண்ணில் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஏழாம் எண்ணைப் போட்டால் வருகிறது. ஜெரால்டின் சத்தத்தில் மட்டும் வருகிறான்.

பயம் அப்போது கூட இல்லை, வேறொன்று வந்தது. கஞ்சி ஊற்றினவன் நான், தலைமாட்டில் இருந்தவன் நான், செத்த பிறகும் இவன் தேடிப் போவது அந்த நீள விரல்காரனையா? ரெக்கார்ட் செய்யத் தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றியது. ஆனால் அது ஜெரால்டுக்கு நானே எடுத்துக் கொடுக்கிற சாட்சி ஆகிவிடும். குமார் அவனைத் தேடி வந்தான் என்பதை அவன் தெரிந்துகொள்ளவே கூடாது என்று முடிவு செய்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதே முடிவைத்தான் எடுப்பேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் ஜெரால்டு ஆம்பை வாங்கிப்போக வந்தான். மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. வீடியோவின் கடைசித் துண்டில் அவனையும் உட்காரவைத்து நாலு வார்த்தை பேசவிடுவோம் என்று கேமராவைப் போட்டேன், கொண்டுவந்தவனைக் காட்டாமல் விட்டால் ஊரில் பேசுவார்கள். இந்த முறை ஹெட்ஃபோன் இல்லை, கம்ப்யூட்டருக்கும் ஒரு சின்ன ஸ்பீக்கருக்கும் விட்டிருந்தேன். ஆம்பை இருபத்தொன்றாம் எண்ணில், என் எண்ணில் வைத்தேன். வேண்டுமென்றேதான். கிடார் வயர் எதுவும் செருகவில்லை.

“என்னடா, ஒனக்குப் பிடிச்சிருக்கா, இல்லையா? நேராச் சொல்லு” என்றான்.

“நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சூடாகுது.”

“நீ ஒரு குறை சொல்லாம விடமாட்டியே” என்று சிரித்தான்.

மணி அடித்தது. நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மணியைத் தவிர எதுவும் கேட்கவில்லை. உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி, ஜெயித்துவிட்டேன் என்று. ஆனால் ஜெரால்டின் சிரிப்பு பாதியில் நின்றது. ஸ்பீக்கரைப் பார்த்தான், சுருட்டி வைத்திருந்த வயரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

“ஒனக்குக் கேக்கலையாடா?”

“எது?”

“ஒண்ணுமில்ல.”

பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். ஸ்டெல்லா கொடுத்த காப்பியைக்கூட நின்றுகொண்டே குடித்துவிட்டு, “வாரேன்மா” என்று போய்விட்டான்.

ரிவ்யூவை எடிட் செய்யும்போது பார்த்தேன், கம்ப்யூட்டர் திரையில் நாங்கள் பேசும் சத்தம் ஒரு வரியிலும் ஆம்பின் சத்தம் இன்னொரு வரியிலும் இருக்கும். மணி அடித்ததும் ஆம்பின் வரியில் கோடு பெரிதாக எழும்பி மெல்ல அடங்குகிறது. அதற்குப் பின்னால் குட்டியாக இன்னொரு மேடு. போட்டுக் கேட்டால் எனக்கு ஒன்றும் இல்லை. வயர் கோளாறு என்று நானே சொல்லிக்கொண்டு, மறுபடி எடுக்க ஆம்ப் இல்லாததால் அப்படியே ஏற்றிவிட்டேன்.

முதல் கமெண்ட் அறந்தாங்கியிலிருந்து ஒரு தம்பி: ‘மணிக்கு அப்புறம் வர்ற கார்டு சூப்பர் அண்ணே, அது என்ன செட்டிங்?’ வீடியோவை அந்த இடத்துக்குத் தள்ளி மறுபடி போட்டேன். பிறகு இன்னொருவர், இன்னொருவர். அப்புறம் ஒருவர் எழுதியிருந்தார்: ‘கார்டு அடிச்ச உடனே யாரோ சிரிச்சுக்கிட்டே மரியான்னு கூப்புடுறாங்களே, யாரு அது? ஆம்பளக் குரலா இருக்கு.’

என் முழுப்பேர் மரியசெல்வம். ஊர், உறவு, கடைப் பலகை எல்லாவற்றிலும் செல்வம்தான். பெண்பிள்ளை பேர் மாதிரி இருக்கிறது என்று கேலிக்கு மரியா என்று கூப்பிட்டது ஒரே ஆள், அதுவும் நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருக்கும்போது மட்டும்.

உடனே சிங்கப்பூருக்குப் போன் போட்டேன். ஜெரால்டுக்கு அந்தக் கமெண்டைப் படித்துக் காட்டினேன்.

“கேட்டுச்சுடா. கார்டும் கேட்டுச்சு, கூப்புட்டதும் கேட்டுச்சு. மரியான்னா நீதான்னு எனக்கு அப்பவே தெரியும், அவன் சாவுக்கு நீ ‘இனி யாருடா என்னைய மரியான்னு கூப்புடுவா’ன்னு அழுதத வீடியோ கால்ல கேட்டேன். ஒன் எண்ணுல வந்து ஒன்னையத்தான் கூப்புட்டான். எனக்குப் பொறாமையாப் போச்சுடா செல்வம், அதான் சொல்லாம வந்துட்டேன்.”

“ஒன் ஏழாம் நம்பர்ல...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டேன். அதை இன்னமும் அவனிடம் சொல்லவில்லை. அந்த ஆம்பை இப்போதும் அவன் அங்கே வாசிக்கிறான், அவன் வீட்டுப் பக்கம் கோயில் மணி கேட்காதாம்.

அந்த வீடியோவை நான் தினம் போட்டுப் பார்க்கிறேன். ஹெட்ஃபோனில், ஸ்பீக்கரில், திருவிழாவுக்கு வைக்கிற பெரிய பெட்டியில்கூட வைத்துப் பார்த்துவிட்டேன். கோடு எழும்புகிறது, குட்டி மேடு வருகிறது, எனக்கு மட்டும் சத்தம் இல்லை. காது டாக்டரிடம் காட்டினேன், இரண்டு காதும் நன்றாக இருக்கிறது என்கிறார். பேய்க் கதை சொன்னால் என்னைவிட அதிகமாகச் சிரிக்கிற ஸ்டெல்லா, அந்த இடம் நெருங்கினால், “நிப்பாட்டுங்க, அந்தண்ணன் கூப்புடுறது எனக்கு என்னமோ பண்ணுது” என்று அடுப்படிக்குப் போய்விடுகிறாள். பார்க்கிறவர்கள் எல்லாம் இப்போது கமெண்டில் என்னை ‘மரியா அண்ணே’ என்றுதான் எழுதுகிறார்கள், அறந்தாங்கித் தம்பியில் ஆரம்பித்து ஊர் பேர் தெரியாதவர்கள் வரை. எல்லாரும் அவன் கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு வந்தவர்கள்.