கதவு தட்டினால் தரையில் படு

கெண்ட்ரா ஸ்டிடமோடு ஒன்றரை வருஷம் ஒரே விடுதி அறையில் இருந்தேன். கெண்டக்கியின் கிழக்கு மலைப்பக்கம், மூடிப்போன நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர் அவளுக்கு. நர்ஸ் படிப்புக்காக எங்கள் கல்லூரிக்கு வந்தவள். சாப்பாட்டுக் கூடத்தில் சும்மா கிடைக்கும் வேர்க்கடலை வெண்ணெய்ப் பொட்டலங்களைப் பை நிறைய அள்ளி வருவாள்.

"நீ என்ன அணிலாடி?" என்று கேட்பேன்.

"அணிலுக்கு ஃபீஸ் கட்டற கவலை இல்ல, மார்னி" என்பாள்.

ரத்தம் பார்த்தால் அசரமாட்டாள். குளியலறைக்குள் பாம்பு வந்தபோது நாங்கள் எல்லோரும் கட்டில் மேல் ஏறி நிற்க, துடைப்பத்தோடு போனவள் அவள்தான். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் மட்டும் முகம் வெளுத்துவிடும்.

அந்த ஜனவரியில் உதவித்தொகையெல்லாம் போக அவளுக்கு அறுநூறு டாலர் துண்டு விழுந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பாக்கி தீராவிட்டால் கம்ப்யூட்டரே பேரை எல்லா வகுப்பிலிருந்தும் எடுத்துவிடும். வகுப்பு போனால் அறையும் போகும். நர்ஸ் படிப்பில் ஓர் இடம் காலியாகாதா என்று வெளியே கூட்டமே காத்திருந்தது. ஒரு தடவை பேர் போனால் போனதுதான்.

"பண உதவி அறைன்னு ஒண்ணு இருக்கே, அங்க போய்க் கேளேன்" என்றேன்.

"போனா, நான் கட்டலன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

"அது அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும்டி, லூசு."

அந்த வாரம் முழுக்க ஒரே எண்ணிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. எடுக்கச் சொன்னேன். "கடன்காரங்கதான் இப்படி விடாம கூப்பிடுவாங்க" என்று போனை அணைத்து, சாக்ஸ் குவியலுக்கு அடியில் ஒளித்துவைத்தாள்.

"நீ யார்கிட்டயும் கடன் வாங்கலயே."

"அப்பா வாங்கினார்ல."

வெள்ளிக்கிழமை பிற்பகல் யாரோ கதவைத் தட்டினார்கள். நான் எழுந்தேன். அதற்குள் கெண்ட்ரா விளக்கை அணைத்து, என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் சாய்த்துவிட்டாள். இரண்டு கட்டில்களுக்கும் நடுவே படுத்துக்கொண்டோம். அவள் கை என் வாயைப் பொத்தியிருந்தது. ஐஸ் மாதிரி இருந்தது அந்தக் கை.

கதவுக்கு அடியில் ஒரு ஜோடி பழுப்பு பூட்ஸ் தெரிந்தது. அதிலிருந்து பனி உருகி உள்ளே கசிந்தது.

"கெண்ட்ரா? நான் லொரெட்டா, பண உதவி அறையிலேர்ந்து வந்திருக்கேன்மா. ஒரே ஒரு கையெழுத்து வேணும்."

கெண்ட்ரா என் காதோடு கிசுகிசுத்தாள். "எங்கப்பா வண்டியைத் தூக்கிட்டுப் போனவனும் இப்படித்தான் தேனா பேசினான். ஒரே ஒரு கையெழுத்துன்னான்."

அவள் வீட்டில் இது வழக்கமாம். கதவு தட்டினாலோ தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தாலோ அம்மா டிவியை அணைப்பாள், எல்லோரும் சமையலறைத் தரையில் படுத்துவிடுவார்கள். சின்னத் தம்பி இருமலைக்கூட அடக்கப் பழகியிருந்தான். தெரிந்தவர்கள் போன் செய்தால் இரண்டு தடவை மணி அடிக்க விட்டு, வைத்துவிட்டு மறுபடி கூப்பிட வேண்டும். இதையெல்லாம் ஏதோ சாப்பாட்டு நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.

நான் யாருக்கும் ஒரு காசு பாக்கி வைத்ததில்லை. ஆனாலும் எழுந்திருக்காமல் அவளோடு தரையிலேயே ஒட்டிக் கிடந்தேன்.

"அஞ்சு மணிக்கு சிஸ்டம் மூடிடும்மா. மத்ததை நான் கதவுக்கு வெளிய நின்னு சொல்லக்கூடாது." கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பூட்ஸ் நகர்ந்தது. மாடிப்படியில் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் கையைத் தட்டிவிட்டேன். "உனக்கு ஏதுடி வண்டி, தூக்கிட்டுப் போக? அந்த வேர்க்கடலைப் பொட்டலத்தையா ஜப்தி பண்ணப் போறாங்க?"

சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அழுதாள். "நீ போய் என்னன்னு கேட்டுட்டு வாயேன்."

"கையெழுத்து என்னோடதா கேட்டாங்க?"

அவள் எழுந்த வேகத்தில் கட்டில் நகர்ந்தது. செருப்புகூடப் போடாமல், சாக்ஸோடு பனியில் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். லொரெட்டா காரின் கதவைத் திறந்துகொண்டிருந்தார். கெண்ட்ரா நாலடி தள்ளியே நின்றுவிட்டாள். "மேடம், நான்தான் கெண்ட்ரா" என்று அவள் சொன்ன குரல் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. போலீஸிடம் சரணடைகிறவள் குரல்.

விஷயம் இவ்வளவுதான். திடீர்க் கஷ்டத்தில் இருக்கும் மாணவர்களுக்கென்று கல்லூரியில் ஒரு நிதி இருந்தது. புத்தகம் வாங்காமலே வகுப்புக்கு வருகிறாள் என்று வேதியியல் வாத்தியார் அவள் பேரைக் கொடுத்திருக்கிறார். பாக்கி முழுவதும் தருகிறார்கள். அவள் சம்மதம் மட்டும் வேண்டும். வாரம் முழுக்கக் கூப்பிட்டது அதற்குத்தான்.

லொரெட்டா எங்களைப் பண உதவி அறைக்குக் கூட்டிப்போனார். கெண்ட்ரா படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். லொரெட்டா திரையைத் திருப்பிக் காட்டினார். பாக்கி என்ற இடத்தில் பூஜ்யம். கெண்ட்ரா அதைத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு அறையிலிருந்த போனைக் கேட்டு வாங்கி வீட்டு எண்ணைப் போட்டாள். இரண்டு தடவை மணி அடித்ததும் வைத்தாள். மறுபடி போட்டாள். அந்தப் போனில் ஒலிபெருக்கி ஏற்கெனவே போட்டிருந்தது. யாரோ எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

"அம்மா, நான்தான்."

"மெதுவாப் பேசு" என்றது கிசுகிசுத்த குரல். "இது யார் நம்பர்? பக்கத்துல யாரு?"

"காலேஜ்ல ஒரு மேடம். பயப்படாதம்மா. அவங்க காசு கேக்கல, குடுத்தாங்க. என் பேரு வகுப்புல அப்படியே இருக்கு."

அந்தப் பக்கம் சந்தோஷப்படுவார்கள் என்று நான் காத்திருந்தேன். அம்மாவோ கேட்டாள், "எதுல கையெழுத்துப் போட்ட, கண்ணு?"

கெண்ட்ராவின் முகம் மறுபடி வெளுத்தது. லொரெட்டா தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் விரல் வைத்து, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். நடுவில் ஓரிடத்தில் அம்மா நிறுத்தச் சொன்னாள்.

"திருப்பித் தர வேண்டாம்னு ஒண்ணு வந்துச்சே. அதை இன்னொரு தடவை படி. தம்பியையும் எழுப்பி உக்கார வைக்கறேன், இங்க தரையிலதான் படுத்திருக்கான்."