பீரோ பெயிண்ட் அடித்த ஸ்போர்ட்ஸ் கார்

போன வாரம் ஆபீஸ் தோழிகள் என்னை முலுண்டில் ஒரு பார்லருக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். நகத்துக்கு மட்டுமே தனியாக ஒரு கடையாம். பிறந்தநாள் பரிசு என்றார்கள், மறுக்க முடியவில்லை. முகமூடி போட்ட ஒரு சின்னப் பெண் என் விரலைப் பிடித்து, மெல்லிய அட்டையால் நகத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். சர்க், சர்க், சர்க். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டு, “மேடம், கையை ஏன் இப்படி விறைப்பா வச்சிருக்கீங்க? ரிலாக்ஸ்” என்று இந்தியில் சொன்னாள். நகம் ராவுகிற சத்தத்துக்குக் கை விறைத்துப்போகிற பெண் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவளிடம் என்னவென்று சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் எனக்கு ஒரு கோடைக்காலம் முழுவதும் கேட்டது. அப்போது நான் செம்பூரில் அக்கா வீட்டில் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. அக்கா லதா கர்ப்பமாக இருந்தாள். அதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. இந்தத் தடவை டாக்டரம்மா, “பாத்ரூமுக்கு எழுந்திருக்கலாம், வேற எதுக்கும் கால் தரையில படக்கூடாது” என்று சொல்லிவிட்டார். அம்மா மாட்டுங்காவில் அப்பாவின் பக்கவாதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஆகவே நான் போனேன். சமைத்து வைத்துவிட்டு ஹார்பர் லைன் ரயிலைப் பிடிப்பதும், ஆபீஸில் போன் அடிக்கும்போதெல்லாம் திடுக்கிடுவதும்தான் என் வாழ்க்கை. எங்கள் மேனேஜர் என்னைப் பற்றி, ‘இந்தப் பெண்ணுக்குக் கடன்காரர்கள் தொல்லை போலிருக்கிறது’ என்று நினைத்தாராம்.

அந்தச் சமயத்தில்தான் அத்திம்பேர், அதாவது அக்காவின் கணவர், ஒரு காரைக் கொண்டுவந்தார்.

அத்திம்பேர் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. சாது. மூன்று நாள் மழை பெய்தால் நான்காம் நாளுக்கான குடையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறவர். அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் கனடாவுக்குக் குடிபோகும்போது, மாஹிமில் தன் பெரியப்பா வீட்டு ஷெட்டில் கிடந்த கார் ஒன்றைக் கிட்டத்தட்ட இனாமாகக் கொடுத்துவிட்டார். எப்போதோ கப்பலில் வந்த, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையைப் பின்னால் மடக்கிவிடும் ஸ்போர்ட்ஸ் கார். முன்பக்கம் நீளமாக, முதலை படுத்த மாதிரி. சிவப்புப் பெயிண்ட் பாளம் பாளமாக வெடித்திருந்தது. இன்ஜின் ஓடாது. அத்திம்பேருக்கும் கார் ஓட்டத் தெரியாது. அந்த வகையில் இரண்டும் பொருத்தம்.

பெயிண்ட் அடித்துவிட்டால் எவனாவது நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வான் என்றார். சரி, யார் அடிப்பது? காருக்குப் பெயிண்ட் அடிக்கும் இடங்களில் விசாரித்தார். கூலியைக் கேட்டு முகம் சுண்டித் திரும்பி வந்தார். அப்புறம் தாராவியிலிருந்து செல்லத்துரை என்பவரைக் கூட்டி வந்தார். செல்லத்துரை இரும்பு பீரோவுக்கு ஸ்ப்ரே அடிப்பவர். கார் அவர் கைக்கு வந்ததே இல்லை. அதை அவர் மறைக்கவுமில்லை.

“என்னத்துக்கு சார் யோசிக்கீய? பீரோவும் தகரம், காரும் தகரம். பீரோ ஓடாது, அம்புட்டுதான் வித்தியாசம்.”

“இதுவும் ஓடாதுப்பா” என்றார் அத்திம்பேர், கவலையாக.

“அப்பொ வித்தியாசமே இல்லியே!”

ஸ்ப்ரே அடிப்பது மட்டும் செல்லத்துரை. பழைய பெயிண்டைத் தேய்த்து எடுப்பது, பள்ளத்தில் பட்டி வைப்பது, அதை மறுபடி தேய்த்துச் சமப்படுத்துவது எல்லாம் அத்திம்பேர் பொறுப்பு. அந்த வேலைக்குத்தான் கூலி அதிகம். செல்லத்துரை ஒரு மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி எப்படிப் பிடிப்பது என்று காட்டிவிட்டு, மழைக்கு முன்னால் முடித்தால் தன் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போய் அடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கார் நின்றது எங்கள் கட்டடத்துக் காம்பவுண்டில், பாதாம் மரத்தடியில். நேர் மேலே இரண்டாம் மாடியில் அக்கா படுத்திருந்த அறையின் ஜன்னல். பழைய பெயிண்டின் தூசி அவள் மூச்சில் போய்விடக்கூடாது என்று அத்திம்பேர் உலர்வாகத் தேய்க்கவே மாட்டார். தண்ணீர் விட்டுத்தான் தேய்ப்பார். ஆனால் அந்தக் கோடையில் தண்ணீர் ஏது? காலையில் ஒரு மணி நேரம் குழாயில் வரும், அதற்குள் ஊரே பிடித்துக்கொள்ள வேண்டும். சொசைட்டி செக்ரட்டரி தேஷ்பாண்டே ஒருநாள் பனியனோடு இறங்கி வந்தார்.

“பீனே கோ பானி நஹீ, ஔர் ஆப் காடி கோ நஹலா ரஹே ஹோ?”

குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் காரைக் குளிப்பாட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? அத்திம்பேர் கைகட்டி நின்றார். அன்றிலிருந்து நாங்கள் துணி அலசிய தண்ணீரை வாளியில் சேர்த்து வைத்தோம். சோப்புத் தண்ணீரில் தாள் நன்றாகவே வழுக்கிக்கொண்டு ஓடியது. சிவப்பு போனது. அடியில் க்ரீம் நிறம் வந்தது. அதற்கும் அடியில் கரும்பச்சை. காம்பவுண்டுத் தரையில் மூன்று நிறத்துக்கும் சேறு ஓடும், எங்கள் வீட்டுத் துணிசோப்பின் வாசனையோடு.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆபீஸ் விட்டு வந்தால் பெண்டாட்டி பக்கத்தில் உட்காராமல், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே போய்விடுகிற மனிதரை என்ன சொல்வது? ஒருநாள் அக்காவிடமே வாய்விட்டேன்.

“விடுடீ” என்றாள். “மேல வந்து உக்காந்தா என் வயத்தையே பாத்துண்டிருப்பார். அதுதான் எனக்கு ரொம்ப பயமாருக்கு. கீழ தேய்ச்சிண்டு இருந்தார்னா, சரி, இன்னிக்கு ஒண்ணும் ஆகலைன்னு தோணும். நான் தூங்கிடுவேன்.”

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் இறங்கினேன். கட்டையை வட்டமாக ஓட்டாதே, நீளமாக ஓட்டு என்பார் அத்திம்பேர். விரல் நுனியெல்லாம் வழுவழுவென்று ஆகி, ஆபீஸில் பைல் பக்கம் புரட்ட எச்சில் தொட்டும் முடியவில்லை. அவருடன் நான் அதிகம் பேசியதில்லை. தேய்ப்போம். மேலே ஜன்னலைப் பார்ப்போம். மறுபடி தேய்ப்போம். அக்கா இருமினால் இரண்டு பேர் கையும் நிற்கும்.

மே மாதக் கடைசியில் ஒருநாள் மத்தியானம் ஆபீஸுக்கு போன் வந்தது. அக்கா.

“கீழ சத்தமே இல்லைடீ. ரொம்ப நாழியா இல்லை. அவர் இன்னிக்கு லீவு போட்டுண்டு தேய்ச்சிண்டிருந்தார். கூப்பிட்டேன், பதில் இல்லை. நான் எறங்கிப் போய்ப் பாக்கட்டுமா?”

“எறங்காதே!” என்று நான் போட்ட கூச்சலில் ஆபீஸே திரும்பியது. அன்றைக்குப் பார்த்து ஹார்பர் லைன் ரயில் குர்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டது. மாரடைப்பு, ஷாக், பாம்பு என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சாவையும் அத்திம்பேருக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். ஓடி வந்து காம்பவுண்டில் நுழைந்தால், அவர் காருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். உயிரோடுதான். கதவுக்குக் கீழே இருக்கும் பட்டையில் அவர் ஆள்காட்டி விரல் உள்ளே போயிருந்தது.

“லேசாத்தான் தொட்டேன்” என்றார். “பொத்துடுத்து. பெயிண்ட்தான் பிடிச்சிண்டு இருந்திருக்கு. அடியில ஒண்ணுமே இல்லை. வெளியில பாத்தா எல்லாம் நன்னாத்தானே இருந்தது…”

அவர் காரைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் உறைத்தது. போன தடவையும் ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். அதற்கு அடுத்த வாரம்தான் இல்லையென்று ஆனது.

அன்றோடு நிறுத்திவிட்டார். ஆபீஸிலிருந்து வருவார், அக்காவின் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்காருவார், வயிற்றையே பார்ப்பார். அக்காவுக்குத் தூக்கம் போனது. ரத்த அழுத்தம் ஏறியது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்டார். சண்டையாக இருந்திருந்தால் சமாதானம் செய்துவைத்திருக்கலாம்.

ஒரு சாயங்காலம் அத்திம்பேர் மருந்து வாங்கப் போயிருந்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நானே கீழே போய்த் தேய்த்தேன். மூச்சுப் பிடித்து, அவரைப் போலவே, நல்ல சத்தமாக. வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேலே போனேன். அக்கா கண்ணைத் திறந்தே படுத்திருந்தாள்.

“அது நீதானே?”

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

“நீ வெட்டு வெட்டுனு இழுக்கறே. அவர் நீளமா இழுப்பார். கடைசியில கொஞ்சம் தூக்கி எடுப்பார்.” சிரித்தாள். அப்புறம் அழுதாள். மருந்தோடு உள்ளே வந்த அத்திம்பேர் பயந்து போய், “என்னாச்சு, வலிக்கறதா?” என்றார்.

“எனக்கு ஒண்ணுமில்லை. நீங்கோ கீழ போய்த் தேயுங்கோ.”

“அதில ஓட்டை விழுந்துடுத்து லதா.”

“விழட்டும். ஓட்டைக்கு வைத்தியம் இருக்கா இல்லையான்னு அந்த மனுஷரைக் கேளுங்கோ. இப்படிப் பாத்துண்டே உக்காந்திருந்தேள்னா நான்தான் பொத்துப் போவேன்.”

செல்லத்துரை வந்து குனிந்து பார்த்தார். “ஏயப்பா!” என்றார் முதலில். அதைக் கேட்டு அத்திம்பேர் முகம் போன போக்கைப் பார்த்து அவசரமாக மாற்றிக்கொண்டார். “ஒரு துண்டுத் தகரத்த வச்சு அடைச்சு மேல பட்டி போட்டுருவோம் சார். பாக்கதுக்குத் தெரியாது.” எத்தனை நாள் தாங்கும் என்று அத்திம்பேர் கேட்டார். “அது எனக்குத் தெரியாது சார். பீரோவுல நான் ஓட்டை பாத்ததில்ல.” அந்த நேர்மையில் என்ன தைரியம் கிடைத்ததோ, அத்திம்பேர் மறுபடி கட்டையை எடுத்தார். சர்க், சர்க். மேலே அக்கா தூங்கினாள்.

ஓட்டையை அடைத்து, பட்டி வைத்துத் தேய்த்து, காரை மரத்தடியிலிருந்து காம்பவுண்டின் மறுகோடிக்குத் தள்ளி, அக்காவின் ஜன்னல்களைச் சாத்திவிட்டு சாம்பல்நிற பிரைமர் அடித்தார்கள். வாசனை போனதும் மறுபடி மரத்தடிக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் ஜூன் வந்துவிட்டது. வானம் தினமும் சாயங்காலம் கறுத்துக் கறுத்துக் கலைந்தது. பிரைமர் தண்ணீரைக் குடித்துவிடும், அடியில் துரு கிளம்பிவிடும் என்று செல்லத்துரை பயமுறுத்தியிருந்தார். தண்ணீர் இல்லையே என்று பயந்தவர்கள் இப்போது தண்ணீர் வந்துவிடுமே என்று பயந்தோம்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலையில் செல்லத்துரை டெம்போவோடு வந்தார். காரின் முன்பக்கம் கயிறு கட்டினார்கள். தேஷ்பாண்டே, சனியன் ஒழிந்தது என்ற நிம்மதியில், கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அப்போது மேலே ஜன்னலில் அக்கா. நின்றுகொண்டிருந்தாள்.

“ஏன்னா! தண்ணி போறது!”

குழாய்த் தண்ணீர் நிற்கிற நேரம் அது. அத்திம்பேர் கயிற்றை இழுத்துக்கொண்டே மேலே பார்க்காமல், “வாளியெல்லாம் ரொம்பியாச்சு. நீ போய்ப் படு” என்றார்.

“அந்தத் தண்ணி இல்லைன்னா!”

பனிக்குடம் உடைந்துவிட்டது. இன்னும் ஒன்றரை மாதம் பாக்கி. அத்திம்பேர் கயிற்றைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். நான் படியேறி ஓடினேன். பின்னாலேயே தேஷ்பாண்டேயின் மனைவி. நாங்கள் அக்காவைக் கைத்தாங்கலாக இறக்கி வருவதற்குள் தேஷ்பாண்டே ரோட்டில் நின்று போகிற டாக்ஸிகளையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் நிற்கவில்லை. செல்லத்துரை காரிலிருந்து கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு டெம்போவின் கதவைத் திறந்தார்.

“அக்கா, இதுல ஏறுங்க. மெல்ல. டேய், குழியில கிழியில விட்ட, தொலைச்சுப்போடுவேன்” என்றது டிரைவருக்கு.

அக்கா முன் சீட்டில். நானும் அத்திம்பேரும் பின்னால், காலித் தின்னர் டப்பாக்களோடு. ஒவ்வொரு குலுக்கலுக்கும் டப்பாக்கள் உருண்டன. அத்திம்பேர் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதும் ஒன்று கையிலேயே இருந்தது.

மத்தியானத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. அழுததாக நர்ஸ் சொன்னாள், எங்களுக்குக் கேட்கவில்லை. ஒரு முழம்கூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ‘பார்க்கலாம்’ என்றார் டாக்டர். அந்த ஒரு சொல்லோடு நாங்கள் மூன்று வாரம் குடித்தனம் செய்தோம்.

அன்று சாயங்காலமே மழை கொட்டியது. காரை யார் நினைத்தார்கள்? இரண்டு நாள் கழித்து, துணி மாற்றுவதற்காக அத்திம்பேரும் நானும் வீட்டுக்கு வந்தபோதுதான் பார்த்தோம். சாம்பல் பூச்சில் அங்கங்கே வேர்க்குரு மாதிரித் துரு பூத்திருந்தது. அத்திம்பேர் அதைத் தடவிப் பார்த்தார். மனிதர் உடைந்துவிடப்போகிறார் என்று நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவரோ பாதாம் இலைகளை ஒதுக்கிவிட்டு, “எல்லாத்தையும் திரும்பத் தேய்க்கணும்” என்றார். ஏதோ நல்ல செய்தி மாதிரி. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் மழை விட்ட இடைவெளியில் தேய்த்தார். வார்டில் அக்கா அவர் விரல்களைப் பிடித்து வாசனை பார்ப்பாள். “தேய்ச்சேளா?” என்பாள். அவர் தலையாட்டுவார். குழந்தையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள்.

குழந்தை வீட்டுக்கு வந்தது. கார் செல்லத்துரையின் பட்டறைக்குப் போய், பீரோ பெயிண்டோடு திரும்பியது. பளபளவென்றுதான் இருந்தது, ஆனால் பார்த்தவுடன் கைப்பிடியைத் திருகிப் புடவை எடுக்கலாம் போலத் தோன்றும். கட்டடத்துப் பிள்ளைகள் அதற்கு ‘அல்மாரி’ என்று பெயர் வைத்தன. சில மாதம் கழித்து உல்லாஸ்நகர் ஆள் ஒருவர் வாங்கிக்கொண்டார். லாரியில் ஏற்றுவதற்காகக் கேட் வரைக்கும் தள்ளினார்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று அத்திம்பேர் ஏறி உட்கார்ந்தார். அந்தக் கார் அவரைச் சுமந்தது அவ்வளவு தூரம்தான்.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. இடித்துவிட்டு உயரமாக ஏதோ கட்டியிருக்கிறார்கள், காம்பவுண்டும் மரமும் அதற்குள் போய்விட்டன. செல்லத்துரையின் பட்டறை இருந்த சந்து எதுவென்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அக்காவின் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போன தீபாவளிக்கு இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “சித்தி, ஒரு போட்டோகூட எடுக்கலையா? சச்? நெஜமாவா?” என்றாள்.

எடுக்கவில்லை. அலமாரியில் காமெரா இருந்தது. வாயும் வயிறுமாக அக்காவைப் படம் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் படத்தை யார் பார்ப்பது என்று பயம். அக்காவை எடுக்காமல் காரை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. குழந்தையைக்கூட முதல் பிறந்தநாள் வரை எடுக்கவில்லை. அந்தக் கோடையிலிருந்து ஒரு படமும் இல்லை. நாங்கள் மூன்று பேர் சொன்னால்தான் உண்டு. அதிலும் செல்லத்துரை அடித்தது பச்சை என்கிறேன் நான், சாம்பல் என்கிறாள் அக்கா. அத்திம்பேர் இரண்டுக்கும் தலையாட்டுகிறார்.