எண்ணெய்த் தலையோடு பார்த்த படம்

1989-இல் அந்தச் சென்னை நாவலை முதன்முதலாக வாசித்தபோது கோமதிசங்கருக்கு வயது இருபத்திரண்டு. தென்காசியை ஒட்டிய மேலகரத்தில் வீடு வீடாக மின்மீட்டர் பார்க்கும் வேலையில் சேர்ந்த பிறகும் வருடத்துக்கு ஒருமுறை அதைக் கையில் எடுத்துவிடுவார். கதை இவ்வளவுதான்: கோபித்துக்கொண்டு போன மனைவிக்காக ஒரு குமாஸ்தா டிராம் நிறுத்தத்தில் காத்திருக்கிறான். அவள் வரவில்லை. அக்கா மகன் கல்யாணத்துக்குச் சென்னை போன கோமதிசங்கர், அந்த நிறுத்தத்தைத் தேடி ஓர் ஆட்டோக்காரரை அரை நாள் அலைய விட்டார்.

இந்த ஜூலையில் நாவல் படமாக வந்தது. "டிராமுக்குப் பதிலா மெட்ரோவாம்லா! அந்தத் தியேட்டர் வாசலை மிதிக்க மாட்டேன்" என்று தென்காசி வாசகர் வட்டத்தில் சபதம் போட்டார். 'நாவலே பெரிது' என்று ஞாயிற்றுக்கிழமை பேசவும் ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை காலை மனசு கேட்கவில்லை. பார்க்காத படத்தை எப்படித் திட்டுவது? குற்றாலத்துக்குக் குளிக்கப் போவதாக மனைவி யோகலட்சுமியிடம் சொன்னார். அவள் நம்ப வேண்டுமே என்று தலை நிறைய எண்ணெய் தேய்த்து, தோளில் துண்டோடு கிளம்பி, நேரே தென்காசித் தியேட்டருக்குப் போனார்.

மலையில் கொட்டிய மழையால் அன்று அருவிகளில் குளிக்கத் தடை. எண்ணெய் தேய்த்து வந்து ஏமாந்த கூட்டமெல்லாம் தியேட்டருக்குள் இருந்தது. வரிசை வரிசையாக மினுங்கும் தலைகள். தன் தலையும் அதில் ஒன்றாகிப்போனதில் அவருக்கு நிம்மதி.

கடைசிக் காட்சியில் மெட்ரோக் கதவு திறந்தது. மனைவி இறங்கி வந்தாள். கோமதிசங்கர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

விளக்கு எரிந்தது. பின்வரிசையில் வட்டத்தின் செயலாளர் மணிமுத்து.

"என்ன அண்ணாச்சி, அருவி இங்கனயா விழுது?"

"கண்ணுல எண்ணெய் இறங்கிட்டுவே."

"ரெண்டு கண்ணுலயுமா? நாளைக்கு மேடையில என்ன சொல்லப் போறீரு?"

"நாவல்தான் பெருசு. அதுல மாத்தமில்ல." மூக்கைத் துடைத்தார். "ஆனா முப்பத்தஞ்சு வருசமா அந்தப் பய அங்கனயே நின்னாம்லா. இன்னைக்குத்தான்வே வீட்டுக்குப் போறான்."

வீட்டு வாசலில் யோகலட்சுமி நின்றிருந்தாள்.

"தடைன்னு காலையிலயே டிவியில சொல்லுதான். எண்ணெய்த் தலையோட எங்க போயிட்டு வாரீங்க?"

சொன்னார்.

"என்னைய விட்டுட்டா? நானும் கோவிச்சுக்கிட்டு டிராம் ஏறிப் போயிருவேன், பாத்துக்கிடுங்க."

ஞாயிறு காலைக் காட்சிக்கு இருவரும் போனார்கள். மாலைக் கூட்டத்தில், மணிமுத்துவிடம் சொன்னதையே கோமதிசங்கர் மேடையிலும் சொன்னார்.