மேகம் விழுந்த படங்கள்

எங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில், திரையில் இருந்த செயற்கைக்கோள் படத்தில் தெரிந்த வெள்ளைத் திட்டு ஒன்றை லேப் அண்ணன் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அழுக்கு என்று நினைத்துவிட்டார். ஊத்துக்குளிக்கு மேலே நின்ற மேகம் அது என்று நான் சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இங்கே வருவதற்கு முன் அவர் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். பொட்டளவு கறை இருந்தாலும் பீஸை ரிஜெக்ட் பக்கம் வீசிப் பழகிய கை.

அப்போது நான் கொறங்காடுகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். மாடு மேய்வதற்கென்றே கிளுவை வேலி போட்டு எங்கள் பக்கத்தில் விட்டுவைக்கும் நிலம்தான் கொறங்காடு. நான் பார்த்த வரைபடங்களில் அதற்குத் தரிசு என்று பெயர். அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் பாலில் வளர்ந்தவளுக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. பல ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆன பிறகுதான் என்னைப் போன்ற சாதாரண ஆசிரியை இதில் இறங்க முடிந்தது. படங்களை இறக்கித் தரும் வேலையை அண்ணன் ஆசையோடு ஏற்றுக்கொண்டார்.

ஆனால் எந்த ஆண்டைப் பார்த்தாலும் காடு காய்ந்தே கிடந்தது. தரிசுதான் என்று படமே சொல்கிறது, தலைப்பை மாற்றிவிடுங்கள் என்று என் நெறியாளர் கடைசியாகச் சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மழைக்காலத்துப் படம் ஒன்றுகூடவா இல்லை என்று அண்ணனிடம் கேட்டேன்.

"மேகம் உழுந்ததெல்லாம் ரிஜெக்ட்டுன்னு அழிச்சுப்போட்டனுங்க மேடம்."

ஐப்பசி, கார்த்திகைப் படங்கள் அத்தனையும் போயிருந்தன. எங்கள் காட்டில் புல் தலைகாட்டுவதே அந்த மாதங்களில்தான். விஷயம் புரிந்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. எனக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அழிந்தது எங்கள் கணினியில் இருந்தது மட்டும்தானே! யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை, மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அன்று மதியமே இருவரும் உட்கார்ந்து மேகம் விழுந்த படங்களாகத் தேடித் தேடி இறக்கினோம். ஒன்றில் மறைந்த காடு இன்னொன்றில் தெரிந்தது. துண்டு துண்டாகச் சேர்த்தபோது எல்லா ஆண்டும் பச்சை. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறை ஆசிரியர்கள் எட்டிப் பார்த்தார்கள். நெறியாளர் வெகுநேரம் பார்த்துவிட்டு, தலைப்பு அப்படியே இருக்கட்டும் என்றார்.

அண்ணன் இன்றும் அதே ஆய்வகத்தில்தான் இருக்கிறார். மாணவர்கள் யாராவது மேகமே இல்லாத படத்தை எடுத்து வந்து பெருமையாகக் காட்டினால் அவர் முகத்தில் சந்தேகம் வந்துவிடும்.

"நெம்பச் சுத்தமா இருக்குதுங்க கண்ணு. இத மட்டும் நம்பிப்போடாதீங்க."