ஃபிரீசர் பெட்டியும் பக்கத்து வீட்டு ஃபேனும்

அடையாற்றங்கரையில் எங்கள் வீடு. அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் எடுத்து மந்தைவெளித் தெருக்களில் விற்பாள். மிஞ்சிய மீன் மாலைக்குள் கெட்டுவிடும். நான் பத்தாவது படிக்கும்போது, மூடிவிட்ட ஐஸ்கிரீம் கடையிலிருந்து பழைய ஃபிரீசர் பெட்டி ஒன்றை வாங்கி வந்தாள். கஷ்டம் தீர்ந்தது என்று நம்பினாள்.

கம்பத்திலிருந்து ஒரே ஒயர் பக்கத்து வீட்டு அக்காவிடம் வந்து, அங்கிருந்து எங்களுக்கு வரும். துண்டுதுண்டாக முறுக்கிச் சேர்த்த ஒயர். முடிச்சில் சுற்றிய கறுப்பு டேப் அவ்வப்போது இளகும். அம்மா ஸ்டூலில் ஏறிப் புது டேப் சுற்றுவாள். அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொள்வாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே குழம்பு என்று சொல்லுமளவுக்குப் பழக்கம்.

பெட்டி ஓடத் தொடங்கியதுமே அக்கா வாசலில் நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை, அதன் உடம்பெல்லாம் வேர்க்குரு.

"இன்னாக்கா, உன் பொட்டி மீனத் துன்னுதா, கரண்ட்டத் துன்னுதா? அது உறுமுனா என் ஃபேனு நொண்டுது. புள்ள தூங்க மாட்டேங்குது."

"என் பொட்டி மேல ஏன்டி கண்ணு வைக்கிற?" என்றாள் அம்மா.

நான் சாக்பீஸோடு நடுவில் புகுந்தேன். பள்ளியில் நான் உருப்படியாகக் கற்ற ஒரே பாடம் மின்சாரக் கணக்கு. பெட்டியின் முதுகில் 230 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தது. மூடியில் எழுதி வகுத்தேன்: மின்தடை 115 ஓம். பெருக்கினேன்: திறன் 460 வாட். ஓடிப்போய் அக்காவின் மிக்ஸியைக் கவிழ்த்துப் பார்த்தேன். 750 வாட்.

"உன் மிக்ஸிதான்கா அதிகம் துன்னுது."

"அடி வாத்தியாரம்மா! மிக்ஸி சட்னி அரைச்சா நின்னுடும். உன் பொட்டி நாளெல்லாம் உறுமிக்கினு கீதே!"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் மூடியில் எழுதிய எண்களைப் பார்த்து நியாயம் எங்கள் பக்கமே என்றார்கள். அக்கா போய்விட்டாள். அதோடு குழம்பும் நின்றது, பேச்சும் நின்றது.

வழக்கில் ஜெயித்த அம்மா, மதியம் பக்கத்தில் தூளி ஆடும் சத்தம் கேட்டால் எழுந்துபோய்ப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்குவாள்.

"கணக்கு நம்ம பக்கம் கீதேம்மா!"

"கணக்கு கீது. கொயந்த அய்வுதே."

மீனின் கண் வெளுத்தது. வாடிக்கை வீடுகள் முகத்தைச் சுளித்தன. பெட்டி காயலான் கடைக்குப் போனது. பிறகு ஆற்றோர வீடுகளை இடித்தார்கள். ஊருக்கு வெளியே வேறு வேறு பிளாக்கில் குடி வைத்தார்கள். இருவரும் பேசாமலே பிரிந்தார்கள். அக்கா பொறாமைக்காரி என்றே அம்மா கடைசி வரை சொன்னாள்.

படிப்பை விட்டு நான் எங்கெங்கோ அலைந்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கடைசி வரிசை மெஷின்கள் மட்டும் சுணங்கின. வந்த எலக்ட்ரீசியன் மெஷின்களைத் தொடவே இல்லை. மேலே போன மெலிந்த ஒயரைத்தான் மாற்றினார். ஒயருக்கும் தடை உண்டாம். நீளமாய், மெலிசாய், முடிச்சு முடிச்சாய் இருந்தால் வழியிலேயே வோல்ட்டைத் தின்று சூடாகுமாம். மெஷின்கள் ஓடின. எனக்குத்தான் அன்று கை ஓடவில்லை.

எங்கள் வீட்டில் பெட்டி இருந்த நாட்களில் கம்பத்து ஒயரின் டேப் அடிக்கடி இளகியது. அக்கா வரவில்லை, ஸ்டூலை நான் பிடித்துக்கொண்டேன். ஒருநாள் முடிச்சைத் தொட்ட அம்மா வெடுக்கென்று கையை இழுத்தாள்.

"இன்னா வெயிலுடி இது" என்றாள்.

வெயில்தான் என்று நானும் நினைத்தேன்.