கடைசி சைக்கிளுக்குப் பின்னால்

அந்தக் கூட்டத்தில் எல்லோரும் அவளை ‘வால்’ என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பத்தெட்டு வயதுக்காரிக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் தேவையா என்று கேட்கலாம். அவளுக்குப் பிடித்திருந்தது. வேறு யாரும் அவளை எதற்காகவும் கூப்பிடாத காலம் அது. மகன் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டான். புருஷன் அதற்கும் வெகு முன்பே, சொல்லாமல் கொள்ளாமல். பார்சல் ஆபீசில் லாரியிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி, சீட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போனால் முத்திரை குத்துவாள். பதினெட்டு வருஷமாக அதுதான் வேலை. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது அவள் கவலை இல்லை.

சர்க்கரை எல்லை தாண்டுகிறது என்று டாக்டர் பயமுறுத்தியதால்தான் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் சேர்ந்தாள். காலை ஆறு மணிக்கு முப்பது பேர் போல வருவார்கள். முன்னால் கேப்டன் போவார், பல் டாக்டர், வாயும் பல்லுமாக எப்போதும் சிரிப்பவர். கடைசியில் வருவதற்குத் தன்னார்வலர் ஒருவர் வேண்டும் என்றபோது எல்லோரும் தங்கள் சைக்கிள் டயரை ஆராய ஆரம்பித்தார்கள். இவள் கை தூக்கினாள். விதி ஒன்றே ஒன்றுதான்: கடைசி சைக்கிளை வால் தாண்டிப் போகக் கூடாது. செயின் கழன்றால் மாட்டிவிட வேண்டும். மூச்சு வாங்கினால் கூடவே நிற்க வேண்டும்.

அந்தக் கடைசி சைக்கிள் எந்த வாரமும் தையல்காரியுடையதுதான். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த சைக்கிள், வாய் மட்டும் காற்றாய்ப் பறக்கும். இரண்டு வருஷம் ஒருத்தி முன்னும் ஒருத்தி பின்னுமாகப் போனால் என்ன ஆகும்? ஒருத்தி வீட்டுக் கதை இன்னொருத்திக்கு அத்துப்படியாகிவிடும். தையல்காரியின் பஸ் ஓட்டுகிற புருஷன் தூக்கத்தில் ஹாரன் அடிப்பது வரை வாலுக்குத் தெரியும். அளவே எடுக்காமல், பின்னால் வருகிறவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தே, தையல்காரி அவளுக்கு ஒரு ஆரஞ்சு ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருந்தாள். கனகச்சிதமாக இருந்தது.

வாலுக்கு ஒரே ஒரு குறை. வாராவாரம் முடிவில் எடுக்கும் போட்டோவில் அவள் இருந்ததே இல்லை. அவர்கள் இருவரும் போய்ச் சேர்வதற்குள் படம் எடுத்து, டீ குடித்து, பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது.

அன்று மூடிக் கிடக்கும் மில்லின் மதிலோரம் தையல்காரி சைக்கிளை நிறுத்திவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். முகமெல்லாம் வேர்வை. அதே நேரம் வாலின் போன் அடித்தது. கேப்டன்.

“பத்திரிகையிலேருந்து போட்டோ எடுக்க வந்திருக்காங்க. நீங்க இல்லாம எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். சீக்கிரம் வாங்கக்கா.”

தையல்காரி இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “கொஞ்சம் நில்லுடி. என்னமோ மாதிரி இருக்கு.”

“நேத்தெல்லாம் மிஷினை மிதிச்சிருப்ப, அதான். உக்காந்துக்கோ. பத்தே நிமிஷம், ஓடி வந்துடறேன்.”

“சீக்கிரம் வா.”

இவள் மிதித்த மிதியில் சைக்கிளே ஆடிப்போயிருக்கும். அங்கே கைதட்டல், கேலி, நடுவில் இடம். படம் முடிந்து டீயும் கையில் வந்தது. கேப்டன் வழக்கம்போலத் தலைகளை எண்ணினார். “முப்பத்தொண்ணு. கிளம்பும்போதும் முப்பத்தொண்ணு. எல்லாரும் வந்தாச்சு.”

தூங்கிப்போன ஒருவன் பாதி வழியில், பாலத்தடியில், வந்து சேர்ந்துகொண்டது அவருக்குத் தெரியாது. வாலுக்கும் தெரியாது. ஆனால் திரும்பி ஒரு முறை முகங்களைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எண்ணிக்கை சரியாக இருந்தால் தையல்காரியும் எப்படியோ வந்திருப்பாள், குறுக்குச் சந்து இருக்கிறதே, என்று நினைத்தாள். நினைத்தாள் என்ன, நினைக்க ஆசைப்பட்டாள். இரண்டாவது டீயும் குடித்தாள்.

பதினொரு மணிக்குக் குப்பை அள்ள வந்தவர்கள்தான் தையல்காரியைப் பார்த்தார்கள். மாரடைப்பு. உட்கார்ந்தபின் அரைமணி, முக்கால்மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும், கூட யாராவது இருந்து தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் கேப்டன் தானாகவே சொன்னார்: “அவங்கதான் இவங்களைப் போகச் சொல்லியிருப்பாங்க. யாருக்கும் தொந்தரவு குடுக்க மாட்டாங்களே.” எல்லோரும் ஆமாம் என்றார்கள். வால் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவு தலையாட்டல் போல இருந்தது. உண்மையைச் சொன்னால் இந்த முப்பது பேரும் போய்விடுவார்கள், பிறகு மூட்டைகள்தான். அது அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. வெட்கங்கெட்ட மனசு அங்கேயும் கணக்குப் போட்டது.

மூன்று வாரம் கழித்துத் தையல்காரியின் புருஷன் வாலின் வீடு தேடி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

“வாரம் பூரா உங்க பேச்சுத்தாங்க அவளுக்கு. பின்னாடி நீங்க இருக்கறப்ப பயமே இல்லேம்பா. நீங்க மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க. அவளே போகச் சொன்னதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?”

அவர் திட்டியிருந்தால் அவள் சும்மா இருந்திருப்பாள். அவர் ஆறுதல் சொன்னதுதான் தாங்கவில்லை.

“போகச் சொல்லலீங்க,” என்றாள். “நில்லுன்னுதான் சொன்னா. பத்து நிமிஷத்துல வந்துடறேன்னு நான்தான் விட்டுட்டுப் போனேன். போட்டோ எடுக்க.”

அவள் கொடுத்திருந்த டம்ளரை அவர் கையில் ஒரு சுற்றுத் திருப்பினார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள்.

“போன் அவ கையிலதாங்க இருந்துச்சு,” என்றார் கடைசியில். “சார்ஜும் இருந்துச்சு. ஏன் எனக்கு ஒரு போன் போடலேன்னு மூணு வாரமா மண்டைய உடைச்சுக்கறேன். நீங்க வந்துடுவீங்கன்னு இருந்திருக்கா.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். தண்ணீர் அப்படியே இருந்தது.