ஆண்டவர் கொடுத்த ‘மாட்டேன்’

எனக்குக் கோபம் மூக்கின்மேல் நிற்கும். குத்தகைக்காரர் பெயரைப் பதியச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டதும், மிராசுதாரர் எங்களை நிலத்தைவிட்டுக் கிளப்பப் பார்த்தார். நான்தான் முதல் ஆளாகச் சண்டைக்கு நின்றேன். அப்படிப்பட்டவன் ஐப்பசியில் வயலிலேயே விழுந்தேன்.

இடது கையும் காலும் விளங்காமல் போயின. பேச்சும் போனது. “இடதுகைப் பழக்கமா?” என்று தஞ்சாவூரில் டாக்டர் கேட்டார். அரிவாளையும் அந்தக் கையில்தான் பிடிப்பேன். மூளையின் வலப்பக்கம் ரத்தம் அடைத்துவிட்டது, இடதுகைக்காரர் சிலருக்குப் பேச்சும் அந்தப் பக்கம்தான் என்றார். “பேசப் பழக்குங்கம்மா, கொஞ்சம் கொஞ்சமா வரும்” என்று என் மனைவியிடம் சொன்னார்.

வந்தது ஒரே சொல், ‘சரி’. பசி என்று சொல்ல வாயைத் திறந்தாலும் அதுதான் வரும்.

மோப்பம் பிடித்து மிராசுதாரரின் காரியஸ்தர் இரண்டு ஆட்களோடு வந்தார். “என்ன சூசை, ஒடம்பு இப்படி ஆயிடுச்சே. ஆறு மா நிலத்தையும் விட்டுடுறியா?” மாட்டேன் என்று உள்ளே கத்துகிறேன். பாழும் வாய் “சரி” என்றது. “கேட்டுக்கிட்டீங்கல்ல?” என்று ஆட்களிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஐயோ, அன்றே செத்துவிடலாம் என்றிருந்தது. ஜெபிக்கவும் வார்த்தை இல்லை. அழுதேன்.

என் மனைவி லூர்து விடவில்லை. “ஆண்டவரே, நிறைய கேக்கல. முடியாதுன்னு சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை குடுங்க” என்று தினமும் முழங்காலில் நிற்பாள். எழுந்ததும் ‘மாட்டேன்’ சொல்லவைக்க என்னைப் பிடித்துக்கொள்வாள்.

“கஞ்சியில சாணியக் கரைக்கவா?”

“சரி.”

“உங்கள சந்தையில வித்துடவா?”

“சரி.”

சிரிப்பாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். பொங்கலுக்குள் ‘தண்ணி’ வந்தது, அவள் பெயர் வந்தது. வேண்டிய சொல் மட்டும் வரவில்லை.

மாசியில் திருவாரூரில் குத்தகைப் பதிவு விசாரணை. “நிலத்தை விட்டுட்டதா சொல்றாங்க. உண்மையிலேயே விட்டுடுறீங்களா?” என்று அதிகாரி கேட்டார். நாக்கு பழைய சொல்லுக்கே ஓடியது. பல்லைக் கடித்தேன். இயேசுவே, கைவிட்டுடாதீங்க என்று மனத்துக்குள் கதறினேன்.

“மா… மாட்டேன்.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “மாட்டேன்! மாட்டேன்!” என்று கத்தினேன். லூர்து தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். என் பெயர் பதிவானது.

அந்த வருடம் எங்கள் தெருவில் வாய் நன்றாக இருந்தவர்களே பயந்து நிலத்தை விட்டார்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. என் கை திரும்பவில்லை. பேச்சும் பாதிதான். சண்டைக்கே திறந்த வாய், இப்போது காலையில் முதலில் ஸ்தோத்திரம்தான் சொல்கிறது.

பிரியமானவர்களே, ஜெபிக்கவும் வாய் வராத நாள் உங்களுக்கு வந்தால் கலங்காதீர்கள். உங்களுக்காகக் கேட்க ஒருவரை ஆண்டவர் உங்கள் பக்கத்திலேயே வைத்திருப்பார். நம்புங்கள். இதோ, நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.